முதலில் பெட்டியைப் பாருங்கள்: இருமொழிக் கூட்டத்துக்குக் கம்பியில்லா ஒலிக்கருவி வாங்கும் முன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்தக் கூட்டம் நடந்தாலும் அதில் இரண்டு மொழியாவது இருக்கும். அதிகாரி மலையாளத்தில் பேசுவார். திரையில் ஓடும் ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். "இங்கே எல்லாருக்கும் மலையாளம் தெரியுமே, மொழிபெயர்ப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலையாளம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஜலசேசனம் (நீர்ப்பாசனம்), குணபோக்தாவு (பயனாளி), குடிசிக (நிலுவை) என்று சொற்கள் வரிசையாக வந்து விழும்போது பின்வரிசை மெல்ல அடங்கிப்போகும். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. அதிகாரி "அவசானத்தெ அவசரம்" என்று சொன்னதைக் கேட்டு, ஏதோ அவசரம் என்று மட்டும் புரிந்துகொண்டு எழுந்து போன ஒரு பெரியவரை நான் அறிவேன். விண்ணப்பிக்க அதுதான் கடைசி வாய்ப்பு என்பது அவருக்கு எட்டவில்லை.

தண்ணீர்க் கூட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1970ஆம் ஆண்டு பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். சித்தூர் வட்டாரத்து வயல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. எந்தத் தேதியில் எந்தக் கால்வாய் திறக்கும் என்பதை ஒருவர் தப்பாகக் கேட்டுக்கொண்டால் மறுநாள் மடையில் சண்டை.

முப்பது வருடம் தமிழ்வழிப் பள்ளியில் பாடம் சொன்னவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கூட்டங்களில் பேசுகிறவர் பக்கத்தில் நின்று, அவர் நான்கு வாக்கியம் பேசி நிறுத்தியதும் தமிழில் சொல்லி வந்தேன். அப்படிச் செய்தால் ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரமாகிவிடும். மலையாளம் மட்டும் தெரிந்தவர்கள் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எங்கள் வாசகசாலைக் கமிட்டி, காதில் ரிசீவர் மாட்டிக் கேட்கும் ஏற்பாட்டுக்கு மாற முடிவு செய்தது. அறுபது நாற்காலி போடும் கூடம் அது. தமிழில் கேட்க முப்பத்தைந்து நாற்பது பேர் வருவார்கள். தமிழில் எழும் கேள்விகளை மலையாளத்தில் கேட்க ஐந்தாறு அதிகாரிகள் இருப்பார்கள். மாதம் இரண்டு கூட்டம். இந்த அளவுக்கு எது சரி என்று நாங்கள் பார்த்த வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பாறசாலையிலோ தேவிகுளத்திலோ, தெலுங்கோடு கலந்திருக்கும் நகரி, புத்தூர் பக்கமோ இதே கேள்வி இருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதல் தடவை ஒரு செட்டை வாடகைக்கு எடுத்தோம். நாற்பது ரிசீவர்கள் ஒரு சாக்குப் பையில் வந்தன. நாற்பதாவது நிமிடத்தில் முதல் ரிசீவர் நின்றது. அடுத்த கால் மணி நேரத்தில் பதினொன்று நின்றுவிட்டன. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காதிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்து, "டீச்சருங்க, நீங்க பக்கத்துல நின்னே சொல்லிருங்க, இது வேண்டாமுங்க" என்றார். ஒலி நன்றாகத்தான் இருந்தது. கருவியிலும் கோளாறில்லை. போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில் அவற்றைச் சார்ஜ் போட்டு, எண்ணி, சேனல் சரிபார்த்து வைக்க ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் எந்தக் கருவியைக் காட்டினாலும், அது குடியிருக்கும் சார்ஜிங் பெட்டியை முதலில் காட்டச் சொல்கிறேன்.

ஒலி எந்த வழியில் போகிறது

அகச்சிவப்பு முறையில் ஒலி ஒளியாகப் போகிறது. டி.வி. ரிமோட்டில் இருக்கும் அதே வகை ஒளிதான். கூரையோரத்தில் ஒளிபரப்பும் பலகைகளைப் பொருத்துவார்கள், ரிசீவர் அதைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சுவரைத் தாண்டாது என்பதால் ரகசியக் கூட்டங்களுக்கும், அடுத்தடுத்த அறைகளில் தனித்தனிக் கூட்டம் நடக்கும் பெரிய மாநாட்டு மாளிகைகளுக்கும் ஏற்றது. எங்கள் கூடமோ மூன்று பக்கமும் ஜன்னல், மேற்கே பெரிய வாசல். பிற்பகல் வெயில் நேராக உள்ளே விழும். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் வாசலோர நாற்காலிகளில் இரைச்சல் வரும். ரிசீவரைச் சட்டைப் பைக்குள் போட்டாலும் துண்டு மேலே விழுந்தாலும் கேட்காது. இந்த வகையை நாங்கள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம்.

அவரவர் செல்போனிலேயே கேட்பது இரண்டாவது வழி. வைஃபை ரூட்டரோடு ஒரு சின்ன சர்வரை இணைத்துவிட்டால், செயலியைத் திறந்து மொழியைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். ரிசீவர் வாங்க வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், பெட்டியே வேண்டாம். கேட்க நன்றாக இருந்ததால் கமிட்டியில் இளைஞர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். ஒருநாள் சோதித்துப் பார்த்தோம். வந்தவர்களில் பலரிடம் பட்டன் போன். தொடுதிரை போன் வைத்திருந்தவர்களில் இயர்போன் கொண்டுவந்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேருடைய போனில் இயர்போன் செருகும் துளையே இல்லை. செயலியை இறக்கிக்கொடுக்க மூன்று பிள்ளைகள் நாற்காலி நாற்காலியாகப் போனார்கள். கூட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் அழைப்பு வந்தால் மொழிபெயர்ப்பு நின்றுவிடும். கல்லூரிக் கருத்தரங்குக்கு இது நல்ல வழி, நானே அங்கே பரிந்துரைப்பேன். அறுபது வயது விவசாயி வரும் கூடத்துக்கு ஆகாது.

இந்த வழியை மறுப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம் ஒலி தாமதம். அதை நான் ஏற்கவில்லை. வைஃபையில் ஒலி பத்தில் ஒரு பங்கு நொடியோ அதற்குச் சற்று அதிகமோ தாமதமாக வரலாம். ஆனால் மொழிபெயர்ப்பவரே வாக்கியத்தின் போக்கு பிடிபடும்வரை இரண்டு மூன்று நொடி காத்திருந்துதான் பேசுவார். அதோடு கூடுதலாக ஒரு சிறு துளி சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. தாமதம் தொல்லை தருவது மேடையில்தான். சாதாரண புளூடூத் மைக்கை ஸ்பீக்கரோடு இணைத்தால் பேசுகிறவருக்குத் தன் குரலே பின்தங்கி வந்து நாக்குக் குழறும். எனவே மேடைக்குப் புளூடூத் வேண்டாம்.

புளூடூத்திலேயே ஆராகாஸ்ட் என்று புதிய முறை ஒன்று வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தப் பெயர் வைத்தார்கள். வானொலி நிலையம் மாதிரி ஒரு கருவி ஒலியை விரித்துவிடும், எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் இயர்பட்ஸிலோ காதுகேட்கும் கருவியிலோ பிடித்துக்கொள்ளலாம். காது மந்தமான பெரியவர்களுக்கு இது பெரிய வரமாக இருக்கும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் அதைப் பிடிக்கும் கருவிகள் இன்னும் எங்கள் கிராமத்துக் காதுகளுக்கு வந்து சேரவில்லை.

மிச்சம் இருப்பது ரேடியோ அலையில் இயங்கும் 'டூர் கைடு' செட். கோவில், கோட்டை சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் பயன்படுத்துவது. மொழிபெயர்ப்பவர் கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், கேட்பவர் ஒவ்வொருவரிடமும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ரிசீவர். சுவிட்சைப் போட்டால் கேட்கும், அவ்வளவுதான் பாடம். நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

இதிலும் அலைவரிசை பார்த்து வாங்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவற்றுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை, ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் நெரிகின்றன. இந்த அலையை மனித உடல் நன்றாக விழுங்கும். டிரான்ஸ்மிட்டரை மேஜைமேல் வைத்தால் முன்வரிசைக்காரர்களின் உடம்பே பின்வரிசைக்குத் தடை. அமர்ந்தவர்கள் தலைக்கு மேலே, சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாலே பாதித் தொல்லை தீரும். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையும் இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது. கூட்டத்துக்குள் இது நன்றாக ஊடுருவும், வைஃபையோடு மோதாது. ஆனால் ஐரோப்பாவுக்காகச் செய்த செட்டுகள் பெரும்பாலும் 863–865இல் இருக்கும், அமெரிக்காவுக்கானவை 902–928இல் இருக்கும். இந்தியாவில் 890–915 மெகாஹெர்ட்ஸ், செல்போனிலிருந்து டவருக்குப் போகும் அலைக்கு உரியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வரவழைக்கும் முன் இதைப் பாருங்கள். இங்கே வாங்கினால், அலைவரிசைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் கருவி வகைச் சான்று இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

பெட்டி

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டூர் கைடு செட்டை முடிவு செய்த பிறகும் மூன்று விதமாக வாங்க வாய்ப்பு இருந்தது. ஒவ்வொரு ரிசீவருக்கும் தனித்தனி யூ.எஸ்.பி. வயர். அல்லது பென்டார்ச் செல் போடும் ரிசீவரும் தனியாக ஒரு செல் சார்ஜரும். அல்லது வரிசையாகக் குழிகள் உள்ள சூட்கேஸ் பெட்டி. குழியில் செருகினால் அடியில் இருக்கும் உலோக முனைகள் தொட்டுச் சார்ஜ் ஏறும்.

தனித்தனி வயர் என்பது நாற்பது வயர். ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் குழுவுக்கு மேல் அது நடக்காத காரியம். ஒருமுறை சிக்கெடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செல் போடும் வகையை அலட்சியமாக ஒதுக்க முடியாது. அதன் பெரிய பலம், எந்தப் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும் என்பது. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு சார்ஜ் இல்லை என்று தெரிந்தாலும் வாங்கிப் போட்டுக் காப்பாற்றிவிடலாம். சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் செல் 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், பெரும்பாலான ரிசீவர்கள் இரண்டையும் ஏற்கும். ஆபத்து எங்கே என்றால், குழியில் வைத்தே செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் ரிசீவர்களில். யாராவது அவசரத்துக்கு ஆல்கலைன் செல்லைப் போட்டு, கூட்டம் முடிந்ததும் மறந்து அப்படியே குழியில் செருகிவிட்டால் செல் கசிந்து ரிசீவரே வீணாகும், வெடிக்கவும் கூடும். பலர் கைபடும் பொதுக்கூடத்தில் அந்த மறதி கட்டாயம் ஒருநாள் நடக்கும். தவிர, சாதாரண நிக்கல் செல் சும்மா கிடந்தாலே வாரக்கணக்கில் சார்ஜை இழக்கும். மாதம் இரண்டு கூட்டம் நடத்தும் எங்களுக்கு அது பெரிய குறை.

சூட்கேஸ் பெட்டியின் முதல் நன்மை சார்ஜ் என்று நினைத்துத்தான் வாங்கினோம். அதைவிடப் பெரியது எண்ணிக்கை என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு குழிக்கும் ரிசீவருக்கும் ஒரே எண் ஒட்டினோம். கூட்டம் முடிந்து எல்லாவற்றையும் செருகினால், காலியாக இருக்கும் குழி எந்த எண் திரும்பவில்லை என்று சொல்லிவிடும். மாநாடுகளில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் ரிசீவர் தருவார்கள். எங்கள் ஊர்க்காரரிடம் ஆதாரைக் கேட்டால் அவர் ரிசீவரே வேண்டாம் என்று போய்விடுவார். எண்ணையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறோம். வெற்றிலைப் பையோடு வீட்டுக்குப் போன 23ஆம் எண், மறுநாள் காலை பால் சொசைட்டி வழியாகத் திரும்பி வந்தது.

பெட்டி வாங்கும்போது அதன் மின்சாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இதில்தான் மலிவான பெட்டிகள் ஏமாற்றுகின்றன. ரிசீவரின் பேட்டரி 1000 மில்லியாம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். அரை ஆம்பியர் கொடுத்தால் இரண்டரை மூன்று மணி நேரத்தில் நிறையும். இருபது குழிப் பெட்டிக்கு அப்படியானால் 5 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். பெட்டியின் அடாப்டரில் 4 ஆம்பியர் என்று போட்டிருந்தால் ஒவ்வொரு குழிக்கும் ஐந்தில் ஒரு ஆம்பியர்தான் கிடைக்கும். காலையில் செருகி மத்தியானம் எடுக்க முடியாது. இப்படிப்பட்ட இரண்டு பெட்டி சேர்ந்தாலும் முழு வேகத்தில் 100 வாட்தான் இழுக்கும், ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி உள்ள கூடத்தில் கரண்ட் போனாலும் கவலையில்லை.

லித்தியம் பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தளரும். அப்போது மாற்ற முடியுமா என்பதை இப்போதே கேட்க வேண்டும். ரிசீவரைத் திறக்கவே முடியாமல் ஒட்டிவைத்திருந்தால் பேட்டரியோடு கருவியும் குப்பைக்குப் போகும். பழைய நோக்கியா பட்டன் போனில் வரும் பி.எல்.-5சி மாதிரி, எந்த செல்போன் கடையிலும் கிடைக்கும் பேட்டரியைப் போடும் ரிசீவர் இருந்தால், ஒலி கொஞ்சம் குறைவானாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

ஊர் வெயிலையும் நினைக்க வேண்டும். பாலக்காட்டுக் கோடையில் ஓட்டுக் கூரைக்கு அடியில் இரும்பு பீரோவுக்குள் பெட்டியைப் பூட்டி வைத்தால் பேட்டரி சீக்கிரம் சாகும். நீண்ட விடுமுறை என்றால் பாதிச் சார்ஜில், நிழலான இடத்தில் வைக்க வேண்டும். கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியும் இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழையின் ஈரமும் சேர்ந்து குழிக்குள் இருக்கும் உலோக முனைகளில் படியும். செருகியும் விளக்கு எரியாத குழி பெரும்பாலும் கெட்ட குழி அல்ல, அழுக்கான குழி. செல்போன் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மாதம் ஒருமுறை துடைக்கிறோம்.

காதில் மாட்டுவது ஒரு காதுக்கு மேல் தொங்கும் வகையாக இருக்கட்டும். உள்ளே நுழைக்கும் வகையை அடுத்தவர் பயன்படுத்தியதென்று பெண்கள் தொடவே மாட்டார்கள், அது நியாயமும்கூட. இன்னொரு காது திறந்திருப்பதால் பேசுகிறவரின் குரலும் கேட்கும், ஓரளவு மலையாளம் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள். சேனல் பட்டனைப் பூட்டும் வசதி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஒலியைக் கூட்டப் போய்ச் சேனலை மாற்றிவிட்டு, கேட்கவில்லை என்று தெரிவிக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மேடைப் பக்கம்

கேட்பவர் ரிசீவரைவிட மொழிபெயர்ப்பவர் காதுக்கு வரும் ஒலி தெளிவாக இருக்க வேண்டும். தொலைபேசி ஒலி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். மொழிபெயர்ப்பாளருக்கு 125 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 20108 தரம். மலையாளத்தின் மூன்று விதமான ச, ஷ, ஸ ஒலிகளை வேகமான பேச்சில் பிரித்துக் கேட்டவர்களுக்கு அந்த மேல்பகுதியின் அருமை தெரியும். ஸ்பீக்கரிலிருந்து வருவதைக் காற்றில் கேட்டு மொழிபெயர்த்தால் அரை மணியில் தலை வலிக்கும். மேடை மைக்குகளின் ஒலியை ஒன்றுசேர்க்கும் மிக்சர் கருவியில், ஒலியைத் தனியாக வெளியே எடுக்கும் ஆக்ஸ் துளையிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்து மூடிய ஹெட்போனில் கேட்கிறேன்.

மேடை மைக்கையும் கம்பியில்லாமல் வாங்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. யூடியூப் எடுப்பவர்கள் சட்டையில் மாட்டும் சின்ன மைக்குகள் தங்களுக்கென ஒரு சார்ஜிங் டப்பாவோடு வருகின்றன, ஒலியும் அருமை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அதே 2.4 கிகாஹெர்ட்ஸ். எங்கள் செட்டும் அதுவே. ஒரே கூடத்தில் இரண்டையும் வைத்து மோதவிட வேண்டாம் என்று பேச்சாளருக்குக் கம்பி மைக்கையே வைத்தோம். கூட்டத்துக்குள் கேள்வி கேட்க மட்டும் ஒரு கார்ட்லெஸ் மைக், வேறு அலைவரிசையில். மைக்கைப் பிடிக்காமல் கேட்கும் கேள்வி மொழிபெயர்ப்பவர் காதுக்கு வராது, அதனால் அதிகாரிக்கும் போய்ச் சேராது.

ஸ்லைடு காட்டும் லேப்டாப்பை மறந்துவிடாதீர்கள். நடுவில் ஒரு வீடியோ ஓடும். அதன் ஒலி லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் கீச்சென்று வந்தால் மொழிபெயர்ப்பு நின்றுபோகும். லேப்டாப்பையும் மிக்சரோடு இணைக்க வேண்டும். சார்ஜர் செருகியதும் 'ம்ம்ம்' என்று இரைந்தால், நடுவே அந்த இரைச்சலை வடிகட்டும் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னக் கருவியைப் போட்டால் நிற்கும்.

இரண்டு திசைக்கும் இரண்டு டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறேன். ஒன்றாம் சேனல் தமிழ், இரண்டாம் சேனல் மலையாளம். எந்தப் பக்கம் பேசுகிறேனோ அதை மட்டும் திறந்து மற்றதை மியூட்டில் வைப்பேன். தொடர்ந்து அரை மணிக்கு மேல் ஒருவரே மொழிபெயர்த்தால் பிழை வரும். அதனால் என் பழைய மாணவி ஒருத்தி பக்கத்தில் இருந்து மாறி மாறிச் செய்கிறாள். நாஜித் தலைவர்கள் மீது 1945இல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையில் பேச்சாளர் வேகமாகப் போனால் மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்திலிருந்து மஞ்சள் விளக்கு எரியும், நிறுத்தச் சொல்லச் சிவப்பு விளக்கு. அதைப் படித்த நாளிலிருந்து நானும் ஒரு மஞ்சள் அட்டை வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன்பே பேச்சாளரிடம் காட்டிவிடுவேன், இதுவரை எல்லாரும் மதித்திருக்கிறார்கள்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு கூட்டம்தான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்; ஆனால் சார்ஜிங் பெட்டியோடு, முந்தின நாளே தரச் சொல்லுங்கள். எங்களைப் போல மாதம் இரண்டு நடத்துபவர்கள் வாங்குவதே மேல். நாற்பது பேருக்கு நாற்பத்தெட்டு ரிசீவர் எடுங்கள். வாங்கும் முன் விற்பவரை உங்கள் கூடத்துக்கே பிற்பகல் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். நாற்காலிகளில் ஆட்களை உட்காரவைத்து, எல்லாருடைய போனிலும் வைஃபை, புளூடூத்தைப் போடச் சொல்லி, கடைசி வரிசை மூலையில் ஒரு பெரியவரிடம் ரிசீவரைக் கொடுத்து நீங்கள் முன்னால் நின்று தேதிகளும் எண்களுமாகப் பேசிப் பாருங்கள். அவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகு, முழுப் பெட்டியையும் சார்ஜ் தீர்ந்த ரிசீவர்களோடு செருகி, மூன்று மணி நேரம் கழித்து எத்தனை விளக்கு பச்சையாக மாறியிருக்கிறது என்று எண்ணுங்கள். அதுவரை காத்திருக்கச் சம்மதிப்பவரிடம்தான் நாங்கள் வாங்கினோம்.